ஃப்ரீடா சுரங்கத்துத் திருத்தணிக்காரர்

தீனதயாளனின் வீட்டு வாசலில் அவருடைய அப்பா பன்னிரண்டடி உயரத்துக்கு நின்றிருந்தார். ஃபிளெக்ஸ் பேனரில்.

தலையில் சுரங்கத் தொப்பி. பக்கத்தில் ஒரு சிங்கம். ஜெர்மனியில் சிங்கம் ஏது என்று அச்சகத்தில் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. கீழே மஞ்சள் எழுத்தில், 'ஜெர்மன் நிலக்கரிச் சுரங்கத்தில் உயிர் காத்த உத்தமர், திருத்தணியின் தவப்புதல்வர் வி. ஆறுமுகம் அவர்களுக்கு ஞாயிறன்று பாராட்டு விழா' என்று இருந்தது. அதற்குக் கீழே, அழைப்பில் மகிழும் மகன் தீனதயாளனின் முகம். அது அப்பாவின் முகத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

"மேடம், விழா அப்பாவுக்கா, பையனுக்கா?" என்றான் இளம்பரிதி.

"நகராட்சித் தேர்தலுக்கு," என்றாள் புவனா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தாள்.

புவனா அரக்கோணத்தில் இருபத்திரண்டு வருஷம் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். 'டிக்கெட் வீட்டுக்காரர்கிட்ட இருக்கு, அவர் பின்னாடி பெட்டியில இருக்காரு' என்பதை நாலு மொழியில் கேட்டுச் சலித்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் திறந்தாள். இளம்பரிதி அதற்கு முன்பு திருவிழா மேடைகளில் பலகுரல் மன்னன். முப்பத்தொன்பதாவது வயதில் கூட்டம் சிரிப்பதை நிறுத்தியதும் புவனாவிடம் வந்து சேர்ந்தான். புவனா சிரிக்கத் தொடங்கவே இல்லை என்பதால் இங்கே ஏமாற்றம் குறைவு.

அவர்களைத் திருத்தணிக்கு அனுப்பியது ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல்.

அங்கே ஃப்ரீடா என்று ஒரு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. 1871-இல் ஒரு முதலாளி தோண்டி, மனைவியின் பெயரை வைத்தார். மனைவி ஒருநாள்கூட அந்தப் பக்கம் வந்து பார்த்ததாகக் குறிப்பு இல்லை. குதிரைகளைக் கீழே இறக்கி இருட்டிலேயே வண்டி இழுக்க வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் மேலே குண்டு விழுந்தது. போர் முடிந்ததும் நாட்டையே கரியால்தான் தூக்கி நிறுத்த வேண்டும் என்று மூவாயிரம் பேர் ராப்பகலாக வெட்டினார்கள். பிறகு எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. வெட்டிய கரி வாங்க ஆளில்லாமல் முற்றத்தில் மலையாகக் குவிந்தது. 1967-இல் தொழிலாளர்கள் கறுப்புக்கொடி பிடித்து ஊர்வலம் போனார்கள். ஊர்வலம் முடிந்ததும் சுரங்கத்தை மூடினார்கள். இன்று அது அருங்காட்சியகம். பெரிய இயந்திரக் கூடத்தை விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள்.

"அதாவது கல்யாண மண்டபம்," என்று பஸ்ஸில் வரும்போதே இளம்பரிதி சொல்லியிருந்தான். "எந்த நாட்லயும் பெரிய கட்டடம் சும்மா கெடந்தா கடைசியில சாம்பார் வாசனைதான் மேடம்."

1961 நவம்பரில் அந்தச் சுரங்கத்தின் ஒரு பகுதியில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள் என்று கணக்குக் கொடுக்கப்பட்டது. தீ மூச்சுமுட்டி அணையட்டும் என்று அந்தப் பகுதியைச் சுவர் வைத்து அடைக்கச் செங்கல் இறக்கிவிட்டார்கள். அப்போதுதான் யாரோ தடுத்தார்கள். விபத்துப் பதிவேட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: 'விளக்கறை. வி. ஆறுமுகம், இந்தியா. ஒரு விளக்கு திரும்பவில்லை என்று தெரிவித்தார்.' சுவர் வேலை நின்றது. ஆறு மணி நேரம் தேடி, வெர்னர் என்ற பத்தொன்பது வயதுத் தொழிலாளியை உயிரோடு தூக்கி வந்தார்கள்.

இப்போது வெர்னருக்கு எண்பத்து மூன்று வயது. தன்னைக் காப்பாற்றிய இந்தியரின் பெயரை எஃகுத் தகட்டில் பொறித்து அருங்காட்சியகத்தில் மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த வருஷம் பயிற்சிக்கு வந்தவர்கள் பட்டியலில் 'ஆறுமுகம், திருத்தணி' என்று இருந்ததை அருங்காட்சியகம் இணையத்தில் போட்டது. உடனே தீனதயாளன் கடிதம் எழுதினார். கடிதத்தில் கண்ணீர் நிறைய இருந்தது. ஜெர்மன்காரர்களுக்குக் கண்ணீர் போதவில்லை, ஒரு காகிதம் கேட்டார்கள். அந்த வி. ஆறுமுகம் இவர்தான் என்பதற்கு ஒரு சான்று. அதைத் தேடித்தான் வெள்ளிக்கிழமை காலையில் புவனா வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வெர்னர் வருகிறார்.

தீனதயாளனுக்கு அறுபத்தொரு வயது. மலையடிவாரத்தில் ஒரு லாட்ஜும் ஒரு கல்யாண மண்டபமும் வைத்திருந்தார். இருவரையும் சோபாவில் உட்கார வைத்து ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில் திணித்தார். 'சுரங்கச் சிங்கம்'. அறுபத்து நாலு பக்கம். அதில் நாற்பது பக்கம் வாழ்த்து விளம்பரம்.

"முப்பதாம் பக்கம் பாருங்க மேடம்," என்று அவரே எடுத்துப் படித்தார். "'மாலை வேளைகளில் சுரங்கத்தின் பின்னேயுள்ள பச்சை மலையின் இருநூற்றெட்டுப் படிகளையும் ஏறி, உச்சியில் நின்று, தணிகை முருகனை நினைத்துக் கண்ணீர் மல்கினார்.' இத எழுதசொல்லோ எனக்கே கண்ணு கலங்கிட்ச்சிங்க."

"அங்க மலை ஏது," என்றது ஒரு குரல்.

அறையின் மூலையில், சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த டிவிக்கு முன்னால், ஒரு வயதான அம்மாள் முறத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"அது கழிவுக் கல்லு கொட்டின மேடு. எப்பவும் பொகஞ்சிகினு இருக்கும். பச்சை ஏது, படி ஏது."

"எங்கம்மா வரலட்சுமி," என்றார் தீனதயாளன். "நைனா கூட ரெண்டு வருஷம் அங்க இருந்தாங்க. வயசு எம்பத்து நாலு. அப்படி இப்படி பேசுவாங்க, நீங்க எழுதிக்காதீங்க."

இளம்பரிதி மேஜைக்கடியில் ஃபோனைத் தட்டினான். அருங்காட்சியகத்தின் சுற்றுலாப் பக்கம் வந்தது. கழிவு மேட்டில் புல் வளர்த்து, 1998-இல் இருநூற்றெட்டுப் படி கட்டினார்களாம். அதைப் புவனாவிடம் காட்டினான். முப்பத்தேழு வருஷம் முன்கூட்டியே படியேறிய உத்தமரை அவள் மலையிலேயே விட்டுவிட்டாள். அந்த அம்மாளைப் பார்த்து, "நீங்க அங்க இன்னாம்மா பண்ணிகினு இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"இன்னா பண்ணுவாங்க," என்று தீனதயாளன் பதில் சொன்னார். "நைனாவுக்கு சமைச்சிப் போட்டுகினு இருந்தாங்க."

டிவியில் யாரோ வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்கள். வரலட்சுமி அடுத்த அவரைக்காயை எடுத்தார்.

"சார், பழைய பாஸ்போர்ட், சான்றிதழ், லெட்டர் எதனா இருக்குங்களா?"

"எல்லாம் வெள்ளத்துல போச்சுங்க."

"இந்த வீடு மலைச்சரிவுல இருக்கு," என்றான் இளம்பரிதி. "வெள்ளம் படியேறி வந்துச்சுங்களா?"

தீனதயாளன் அவனைக் கொஞ்சம் பார்த்தார். புவனா அடுத்த கேள்விக்குப் போனாள். "வி-ன்னா?"

அரை விநாடி. குழந்தைக்கு எத்தனை வயசு என்று கேட்டால் அரை டிக்கெட்காரர்கள் எடுத்துக்கொள்ளும் அதே அரை விநாடி.

"வேலாயுதம். எங்க தாத்தா," என்றார் தீனதயாளன். பிறகு, சந்தேகம் கிளம்புவதற்குள் மூடிவிடும் வேகத்தில், "நைனா லேசுப்பட்ட ஆளு இல்லிங்க. மலைப்படியில கல்லு போட்டிருக்காரு. நூத்தி எழுபத்து நாலாவது படி. போய்ப் பாருங்க, அதான் சான்று," என்றார்.

போனார்கள்.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகளும் காவடிகளும் படியில் நிறைந்திருந்தன. ஒவ்வொரு படியிலும் யாரோ மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தார்கள். இளம்பரிதி தொண்ணூறாவது படியில் மூச்சு வாங்கினான், நூற்றிருபதில் தன் தொழிலைப் பற்றி யோசித்தான், நூற்று ஐம்பதில் முருகனிடம் நேரடியாகப் பேசத் தொடங்கினான்.

நூற்று எழுபத்து நாலாவது படிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கல் இருந்தது. மஞ்சள் அப்பியிருந்ததால் எழுத்து தெரியவில்லை. புவனா கைக்குட்டையை நனைத்துத் துடைத்தாள்.

'உபயம்: பி. ஆறுமுகம், சுரங்கப் பொறியாளர். த/பெ பொன்னுசாமி. 1974.'

"சொந்தத் தாத்தா பேரையே மாத்திட்டாரே மேடம்," என்றான் இளம்பரிதி. "எங்க வீட்ல ரேஷன் கார்டுல மாத்தறதுக்கே நாலு வருஷம் ஆச்சி."

புவனா தீனதயாளனை ஃபோனில் கூப்பிட்டாள். கல்லில் இருந்ததைப் படித்துக் காட்டினாள்.

"ஒரு எழுத்துதானங்க," என்றார் அவர். "பி-ன்னு சொன்னது வெள்ளக்காரன் காதுல வி-ன்னு உழுந்திருக்கும். நோட்டீஸ்ல நான் சரி பண்ணிக்கினேன்."

"தாத்தாவையும் சரி பண்ணிக்கினீங்களா?"

"டவர் இல்லிங்க," என்று லைன் துண்டித்தது.

"அவர் சொல்றது நடக்கக்கூடியதுதான் பரிதி," என்றாள் புவனா. "காதுல மாறி உழுந்திருக்கலாம். அப்பா நெஜமாவே நல்லது பண்ணியிருக்கலாம், பையன் மட்டும் கோமாளியா இருக்கலாம். அதுக்குத்தான் காலையிலயே இன்னொண்ணு கேட்டு வச்சேன்."

ரயிலில் பயணிகள் சார்ட்டுக்கு எப்போதும் இன்னொரு பிரதி இருக்கும். சுரங்கத்திலும் இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். தீப்பிடித்த நாளில் எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்ற சீட்டைத் தேடித் தரும்படி அருங்காட்சியகத்துக்கு எழுதியிருந்தாள். பக்கத்திலிருந்த மண்டபத்து நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஜெர்மனியில் அலுவலகம் திறந்த பத்தாவது நிமிஷம் பதில் வந்தது. பழுப்பேறிய ஒரு தாளின் படம்.

இறங்கியவர்கள் 212. ஏறியவர்கள் 212. கீழே சரிபார்த்தவரின் கையெழுத்து. பி. ஆறுமுகம். அதற்கும் கீழே, ஆங்கிலம் போதாதென்று, தமிழிலும் 'ஆறுமுகம்'.

இளம்பரிதி இரண்டு முறை படித்தான். "ஒரே சொரங்கம், ஒரே நாளு. ஒரு ஆறுமுகம் எல்லாரும் வந்தாச்சின்றாரு. இன்னொரு ஆறுமுகம் ஒருத்தன் வரலன்றாரு. ஆறு மொகம் இருந்தா இதான் மேடம் தொல்லை, ஒவ்வொரு மொகமும் ஒண்ணு பேசும்."

"அவரே கைப்பட பி-ன்னு போட்டிருக்கார். அப்ப வி-ங்கிறது காதுல மாறின எழுத்து இல்ல. வேற ஆளு."

"அதாவது பேனர்ல நிக்கிற உத்தமர் காப்பாத்தினவரு இல்ல. உள்ள ஒருத்தன விட்டுட்டுக் கையெழுத்து போட்டவரு."

"ஆங்," என்றாள் புவனா. அவள் குரலில் சந்தோஷம் இல்லை.

இளம்பரிதி 'சுரங்கச் சிங்க'த்தை விசிறியாக்கி வீசிக்கொண்டான். வீசிய கை பாதியில் நின்றது. அட்டைப் படத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். சுரங்க வாசலில் ஆறுமுகம் நிற்கும் பழைய புகைப்படம். சிங்கத்தை அச்சகம் பிறகு சேர்த்திருந்தது.

"மேடம், இவருக்கு மூணு கை."

புவனா வாங்கிப் பார்த்தாள். படத்தின் இடது ஓரத்தில், வெட்டியது போக மிச்சமாக, ஒரு முழங்கை இருந்தது. முழங்கைக்குக் கீழே கொஞ்சம் தெரிந்தது. கண்ணாடி வளையல்.

"பரிதி, வெள்ளக்காரங்க பேரு எப்படி எழுதுவாங்க?"

"மொதல்ல சொந்தப் பேரு. அப்பறம் குடும்பப் பேரு."

"நம்ம ஊர்ப் பொண்ணு கல்யாணமாகி அங்க போனா, அவளுக்குக் குடும்பப் பேரு எது?"

"புருஷன் பேரத்தான் எழுதுவாங்க."

"முன்னாடி இருக்கிற எழுத்து?"

காலையில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாளின் பெயர் இளம்பரிதிக்கு ஞாபகம் வந்தது. "வரலட்சுமி," என்றான்.

"சார்ட்ல ஆணா பொண்ணான்னு போடாம வுட்டா எல்லாரும் ஆம்பளைன்னுதான் எடுத்துக்குவாங்க," என்றாள் புவனா. "ஜெர்மன்காரனும் அப்படித்தான் எடுத்துக்கினான். நாமளும் அப்படித்தான். எழுந்திரு."

அவர்கள் திரும்பி வந்தபோது தீனதயாளன் வீட்டில் இல்லை. மண்டபத்தில் சிங்கத்தை மேடையின் எந்தப் பக்கம் வைப்பது என்று அலங்காரக்காரரோடு சண்டையில் இருந்தார். வரலட்சுமிதான் கதவைத் திறந்தார்.

"வருவேன்னு தெரியும்," என்றார். "காலையில என்ன ஒரு கேள்வி கேட்ட. பதில அவன் சொன்னான். நீ அவனப் பாக்கல, என்னப் பாத்துகினு இருந்த. உக்காரு."

உள்ளே போய் ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்தார். அட்டைப் படத்தின் முழு வடிவம். ஆறுமுகத்துக்குப் பக்கத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி, புடவைக்கு மேல் கனத்த வேலைத்துணியைக் கட்டிக்கொண்டு, கையில் சுரங்க விளக்கோடு நின்றாள். காமிராவை நேராகப் பார்த்தாள்.

"இத ஏன் வெட்டினான்னு கேட்டேன். வேலைக்காரி மாதிரி இருக்கீங்கம்மான்னான்." அவர் உட்கார்ந்தார். "வேலைக்காரிதான். விளக்கு தொடச்சிகினு இருந்தேன்."

"யாரு சேர்த்து வுட்டது?"

"நாங்க குடியிருந்த வீட்டுக்காரம்மா. எல்சேன்னு பேரு. அது விளக்கறையில வேலை செஞ்சிது. நான் நாள் பூரா செவுத்தப் பாத்துகினு உக்காந்திருக்கறதப் பாத்துட்டு, வான்னு கையப் புடிச்சி இட்டுகினு போச்சு. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நம்பரு, ஒரு விளக்கு. உள்ள போகசொல்லோ பித்தளை வில்லையக் குடுத்துட்டு விளக்க வாங்கிகினு போவான். வெளிய வந்தா விளக்கக் குடுத்துட்டு வில்லைய வாங்கிக்குவான். நாங்க தொடச்சி அது அது கொக்கியில மாட்டணும். அதான் வேலை. அவருக்குப் புடிக்கல. இன்ஜினியர் பொண்டாட்டி விளக்கு தொடைக்கிறதான்னு ஒரு மாசம் பேசல."

"அன்னிக்கி?"

"அன்னிக்கி ஒரு கொக்கி காலி." அந்த அம்மாள் புகைப்படத்தைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார். "எல்லாரும் வந்தாச்சின்றாங்க. செங்கல் எறக்கிட்டாங்க. அவருக்கு மூணு நாளா ஜொரம். பொகையில ஓடி வந்தவங்கள எண்ணசொல்லோ எவனோ ஒருத்தன ரெண்டு வாட்டி எண்ணிட்டாரு. தெரிஞ்சி செய்யல. நான் மழையில முத்தத்தத் தாண்டி ஓடினேன். பெரிய அதிகாரிங்க நின்னுகினு இருந்தாங்க. இவரு எல்லார் எதிரயும் 'வீட்டுக்குப் போடி'ன்னாரு. தமிழ்ல. நான் அவங்க பாஷையில சொன்னேன். எனக்குத் தெரிஞ்சது நாலு வார்த்தை."

"இன்னான்னு?"

"விளக்கு ஒண்ணு. ஆளு ஒண்ணு."

இளம்பரிதி எழுதுவதை நிறுத்தியிருந்தான்.

"மூணு மாசத்துல அவரு பயிற்சிய முடிச்சிக்கச் சொல்லிட்டாங்க. ஊருக்கு வந்தோம். குளுரு ஒத்துக்கலன்னு எல்லார்கிட்டயும் சொன்னாரு. நானும் ஆங், குளுருதான்னேன்."

"பையன்கிட்ட சொல்லலியாம்மா?"

"அவன் கேக்கல."

"நாளான்னிக்கி மேடை. முன்கூட்டியே அவர்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"வாசல்ல பன்னண்டடி வக்கிறதுக்கு முன்னாடி அவன் என்கிட்ட சொன்னானா?" வரலட்சுமி முறத்தை இழுத்துக்கொண்டார். "உனுக்கு சம்பளம் குடுக்கறவங்களுக்கு வி-ன்னா யாருன்னு எழுதிப் போடு. அவரு போட்ட கையெழுத்தப் பத்தி எழுதாத. அது சொல்லணும்னா நான் சொல்றேன்."

புவனா ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதினாள். முழுப் புகைப்படத்தையும் சேர்த்து அனுப்பினாள். ஏறியவர் கணக்குச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இருபத்திரண்டு வருஷ வேலையில் டிக்கெட் இல்லாதவரை அவள் பார்க்காதது போலக் கடந்துபோனது அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. மேடையில் தெர்மோகோல் சிங்கம் வலது பக்கம் வென்றிருந்தது. வெர்னர் நெடிய ஆள், கைத்தடியோடு வந்தார். கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் அதோடேயே உட்கார்ந்தார். அவருக்கு மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து கல்பனா என்ற ஜெர்மன் ஆசிரியை வந்திருந்தாள். சனிக்கிழமை சென்னையிலேயே பெயர் பொறித்து வாங்கிய தகடு, துணி மூடி, அவள் மடியில் இருந்தது. வரலட்சுமியை மேடையில் கடைசி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். உத்தமரின் மனைவிக்கான இடம்.

தீனதயாளன் பதினோரு பக்க உரையைத் தொடங்கினார். நாலாவது பக்கத்தில் அப்பா ஒரே கையால் சுரங்கக் கதவைப் பிடித்து நிறுத்தினார். ஐந்தாவது பக்கத்துக்குப் போவதற்குள், புழுக்கத்தில் பெரியவருக்குத் தளர்ச்சியாக இருக்கிறது என்று சொல்லிக் கல்பனா எழுந்தாள். துணியை விலக்கி, பொறித்திருந்ததைத் தமிழில் படித்தாள்.

"ஃப்ரீடா சுரங்கம், நவம்பர் 1961. ஒரு விளக்கு வரவில்லை என்று சொல்லி ஓர் உயிரை மீட்ட விளக்கறைத் தொழிலாளி வரலட்சுமி ஆறுமுகம் அவர்களுக்கு."

துணி விலகியதும் வாசிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்ததால் நாதஸ்வரம் வாசிக்கத் தொடங்கியது. யாரோ கையமர்த்தினார்கள். நின்றது.

"அது எங்கம்மா," என்றார் தீனதயாளன் மைக்கில். "பேரு தப்பா போட்டிருக்காங்க." பிறகு முதல் வரிசையைப் பார்த்து, "மேடம், இன்னா இது?" என்றார்.

"அவங்க கேட்ட சான்று சார்," என்றாள் புவனா.

வரலட்சுமி எழுந்து வந்தார். மைக் உயரமாக இருந்தது. மகன்தான் பக்கத்தில் நின்றிருந்தார், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அதை இறக்கிக் கொடுத்தார்.

"என் வீட்டுக்காரரு அன்னிக்கி ஆளுங்கள எண்ணுனாரு," என்றார் வரலட்சுமி. "தப்பா எண்ணிட்டாரு. ஜொரம். நான் போய்ச் சொல்லலன்னா இந்த ஆளு உள்ளயே செத்திருப்பான், அவரு கையெழுத்து போட்டபடிக்கு. இத நான் இந்நாள் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. இப்ப சொல்றேன், ஏன்னா செய்யாதத செஞ்சாருன்னு பேனர் வச்சா அவருக்குக் கேவலம்."

வரலட்சுமி மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"அதுக்கப்பறம் நாப்பத்தெட்டு வருஷம் உயிரோட இருந்தாரு. எத எண்ணுனாலும் ரெண்டு வாட்டி எண்ணுவாரு. பால் பாக்கெட்ட ரெண்டு வாட்டி எண்ணுவாரு. கொழந்தைங்களோட கோயிலுக்குப் போனா எறங்கி வர வரைக்கும் எண்ணிகினே வருவாரு. போதும். அதுக்கு மேல அவர யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது."

தீனதயாளன் மீதி ஏழு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கல்பனா எல்லாவற்றையும் வெர்னரின் காதில் சொல்லி முடித்தாள். அவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். அவர் பேசப் பேசக் கல்பனாவுக்கு முகம் மாறியது. இதைச் சொல்லலாமா என்று அவரைக் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

"அவர் சொல்றாரு," என்றாள் கல்பனா. "முந்தின ராத்திரி நடனத்துக்குப் போய் விடியற வரைக்கும் ஆடினாராம். மறுநாள் வேலை நேரத்துல ஒரு மூலையில படுத்துத் தூங்கிட்டாராம். தீப்பிடிச்சதே அவருக்குத் தெரியாது. புகையில மயங்கிக் கிடந்ததா டாக்டர் எழுதிட்டார். அவரும் அப்படியே விட்டுட்டார். மனைவிகிட்டகூட இதைச் சொன்னதில்லையாம்."

"ஒரு உத்தமர்கூட தேறலியே மேடம்," என்று இளம்பரிதி முணுமுணுத்தான்.

வரலட்சுமி வெர்னரை மேலும் கீழும் பார்த்தார்.

"தெரியும்னு சொல்லும்மா," என்றார் கல்பனாவிடம். "எங்க விளக்கறை வழியாத்தான் தூக்கிகினு போனாங்க. மயக்கம்னு டாக்டரு சொன்னாரு. எனக்குக் கொறட்டை தெரியாதா."

முதலில் சிரித்தது புவனா. இளம்பரிதி திரும்பி அவளைப் பார்த்தான். அதற்குள் மண்டபம் முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தது. மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்ததும் வெர்னரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வரலட்சுமியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டார். அந்த அம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு எல்லோரும் பந்திக்குப் போனார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் பேச்சு பலமாக இருந்தது. தேர்தலில் யாரை நிறுத்தினால் ஜெயிக்கலாம் என்று ஒரு மூலையில் வரலட்சுமியின் பெயரே அடிபட்டது. புவனாவும் இளம்பரிதியும் அரக்கோணம் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது மண்டபம் காலியாகிவிட்டிருந்தது. கலைந்து கிடந்த நாற்காலிகளுக்கு நடுவில் தாயும் மகனும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா," என்றார் தீனதயாளன். "அந்தக் கொக்கிங்கோ எவ்ளோ ஒயரத்துல இருக்கும்?"

வரலட்சுமி, மகன் நிஜமாகவே கேட்கிறானா என்று முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பிடித்து எழுந்தார். வலது கையைத் தலைக்கு மேலே நீட்டினார், போதவில்லை, குதிகாலை உயர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் மேல," என்றார்.